வாட வைத்தாலும் போகாத விஷம்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது மாடு. கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் ஒரு தோட்டம், இரண்டாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு சாம்பலும் பழுப்புமாக இருந்தது. கழுத்து நரம்பில் எடுத்த ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறம். டார்ச் வெளிச்சத்தில் டியூபை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், சிவக்கவே இல்லை. இதற்கான மாற்று மருந்தான நீல மருந்தை (மெத்திலீன் புளூ) முழுதாக ஏற்றி முடிப்பதற்குள் மாடு போய்விட்டது.

வீட்டில் இரண்டு காரணம் தயாராக இருந்தது. ஒன்று பாம்பு. இன்னொன்று, வரப்புத் தகராறில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இரண்டும் இல்லை. தொட்டியில் பாதி மிச்சமிருந்த கம்பு நேப்பியர் புல்தான் காரணம் என்று சொன்னதும் அந்த அக்கா கேட்டார்: "நேத்தே அறுத்து, ராத்திரி பூரா வாடப் போட்டுத்தான குடுத்தேன், டாக்டரம்மா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள்.

வாட வைக்கச் சொன்னது யார்? நாங்கள்தான். ஆனால் அது சோளத்துக்கு. இளஞ்சோளத்திலும் மறுதாம்புச் சோளத்திலும் இருப்பது சயனைடு. அது ஆவியாகும் விஷம், அறுத்து உலர்த்தினால் பெருமளவு பறந்துவிடும். கீழ்நாட்டில் சோளத்தட்டை போடுபவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம் இது. நேப்பியரில் சேர்வது நைட்ரேட். அது உப்பு. கருவாட்டைக் காய வைத்தால் மீனில் இருக்கும் ஈரம் போகும், உப்பு போகுமா? அதேதான் இங்கேயும். ஒரு நாள் வாட வையுங்கள், ஒரு வாரம் காய வையுங்கள், அறுத்தபோது இருந்த நைட்ரேட் அப்படியே இருக்கும். தண்ணீர் குறைவதால் புல் எடை குறைந்து, மாடு கூடுதலாகத் தின்னும். அவ்வளவுதான் மிச்சம்.

அதைவிட மோசம், மழைக்குப் பயந்து இரண்டு நாள் புல்லைச் சேர்த்து அறுத்து, மெஷினில் நறுக்கி, கொட்டகை மூலையில் ஈரத்தோடு குவித்து வைப்பது. மறுநாள் காலையில் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சுடும். மாட்டின் வயிற்றுக்குள் நடக்க வேண்டிய மாற்றம் குவியலுக்குள்ளேயே நடந்து, நைட்ரேட் நைட்ரைட் ஆகியிருக்கும். ரத்தத்தைக் காற்றைச் சுமக்க விடாமல் செய்வது அதுதான், பல மடங்கு கொடியது. அந்த அக்கா வாடப் போட்டதாகச் சொன்னதும் இப்படி ஒரு குவியல்தான்.

புல்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் கோ-4, 2012-ல் கோ-5 ரகத்தைக் கொடுத்த பிறகு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்மலையில் எத்தனையோ வீடுகளில் கறவை மாடு நிலைத்தது. நானே கரணை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சிக்கல் மேல்மலையில். இந்தக் குளிருக்கு நேப்பியர் மெதுவாகத்தான் வளரும், மார்கழி உறைபனியில் கருகும். அதனால் இருப்பதிலேயே கொழுத்த மண்ணாகப் பார்த்து, கேரட், பூண்டு, உருளை போடும் படிகளின் வரப்பில் வைக்கிறார்கள். அந்தப் படிகளுக்குக் கொட்டும் கோழி எருவும் யூரியாவும் மழையில் கரைந்து எங்கே இறங்கும்? கீழ்வரப்புக்குத்தான். புல் அதைக் குடித்துவிடும். குடித்ததைப் புரதமாக்க வெயில் வேண்டும். பத்து நாள் மூட்டம் போட்டால் அது எங்கிருந்து வரும்? அப்படி நிற்கும் புல்தான் கரும்பச்சையாகக் கொழுகொழுவென்று தெரியும். "சத்தான புல்லு" என்று நீங்கள் முதலில் அறுப்பதும் அதைத்தான்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. உரம் போடுவதென்றால் அறுப்பு முடிந்த கையோடு போடுங்கள். அறுப்புக்கு முந்தைய மூன்று வாரம் யூரியா மூட்டையைத் தொடாதீர்கள். சமவெளிக்குச் சொன்ன 45 நாள் அறுப்புக் கணக்கை இங்கே பார்க்காதீர்கள், பயிர் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூட்டமோ உறைபனியோ விலகிய பிறகு நாலைந்து நாள் நல்ல வெயில் விழட்டும். அடித்தண்டில்தான் நைட்ரேட் அதிகம், அதனால் மழைக்காலத்தில் ஓர் அடி விட்டு அறுங்கள். அடியோடு அறுத்தால்தான் தூர் கட்டும் என்று சொல்லியிருப்பார்கள், சரிதான். பிறகு அந்தக் கட்டையைச் சீவுங்கள், ஆனால் சீவியதை மாட்டுக்குப் போடாதீர்கள். வெறும் வயிற்றில் பச்சைப்புல் கூடவே கூடாது. முதலில் வைக்கோல், கொஞ்சம் தவிடு, அப்புறம் புல், அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. சந்தேகப்படும் புல்லைக் காற்றுப் புகாமல் அமுக்கி ஊறுகாய்ப்புல்லாகப் போட்டால் ஒன்றரை மாதத்தில் நைட்ரேட் ஓரளவு குறையும். முழுதாகப் போகாது, அதையும் வைக்கோலோடு கலந்தே கொடுங்கள்.

மூட்டை சுமக்கும் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேப்பியர் போன்ற புற்களில் ஆக்சலேட் உண்டு. மாட்டின் பெருவயிறு அதைச் சமாளித்துக்கொள்ளும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இதையே தின்றால் உடம்பில் சுண்ணாம்புச்சத்து குறைந்து முகத்தெலும்பு வீங்கும். குதிரைக்கு இது மட்டுமே தீவனம் என்று ஆக்கிவிடாதீர்கள்.

என்னைக் கூப்பிடும்போது தயவுசெய்து மறைக்காதீர்கள். யூரியா போட்டதைச் சொன்னால் திட்டுவேன் என்று ஒரு வீட்டில் கடைசிவரை சொல்லவில்லை. சோள விஷத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றே நைட்ரைட்தான். நைட்ரேட் ஏறிய மாட்டுக்கு அதைப் போட்டால் நானே கொன்றதாக ஆகும். சோள விஷத்தில் ரத்தம் பளீரென்று சிவந்திருக்கும், இதில் பழுப்பு. நான் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் நீங்கள் முன்பே சொன்னால் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டே வருவேன். பிழைத்த மாடு சினையாக இருந்தால் அடுத்த சில நாள் கன்று வீசவும் கூடும், அதனால் சினையையும் சொல்லுங்கள்.

மூச்சுத் திணறும் மாட்டின் வாயில் நல்லெண்ணெய், மோர், புளித்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குப் போகும். மிச்சப் புல்லைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடியை மட்டும் எனக்காக வைத்துவிட்டு, கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கோ மாட்டாஸ்பத்திரிக்கோ போன் போடுங்கள்.

இன்னொன்று. வண்டி ரோட்டோடு நின்றுவிடும் என்று நாலு பேர் சேர்ந்து மாட்டைப் படி படியாக மேலே இழுத்து வருகிறீர்கள். ரத்தத்தில் காற்றே இல்லாத மாடு அது, பத்தடி ஏறினால் விழுந்துவிடும். போன மாதம் ஒன்று ரோட்டோரத்தில் என் கண் முன்னால் அப்படித்தான் விழுந்தது. மாட்டைக் கட்டிய இடத்திலேயே விடுங்கள். எத்தனை படியானாலும் நான் இறங்கி வருகிறேன்.