இருபதாவது நிமிடத்தில் என்ன ஆகிறது?

என் மேசையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று, அலுவலகம் கொடுத்த பெரிய கணினி. மற்றொன்று கீல் உடைந்த பழைய லேப்டாப். திரை சாயாமல் இருக்கப் பின்னால் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். அதில் 8 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கணினி விளையாட்டுகள் எங்கே திணறுகின்றன என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது என் வேலை. அதில் முக்கால்வாசியை இந்த லேப்டாப்தான் செய்கிறது. பெரிய கணினியோ எங்கள் தவறுகளையெல்லாம் விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டு வெளியாகப் பத்து நாட்களே இருந்தன. சோதனைக் குழுவிலிருந்த ஒரு பெண், "லேப்டாப்பில் போகப்போக வேகம் குறைகிறது" என்று புகார் எழுதியிருந்தார். அதே மாடல் லேப்டாப்பில் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தோம். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் நொடிக்கு 60 படங்கள், இம்மியும் குறையவில்லை. புகாரை மூடிவிட்டோம். மறுநாள் அவர் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "எழுந்திருக்காமல் அரை மணி நேரம் ஆடுங்கள் சார்" என்றார். பதினெட்டாவது நிமிடத்தில் விசிறியின் சத்தம் மாறியது. விசைப்பலகையின் இடப்பக்கத்தில் விரல் வைக்க முடியாத சூடு. திரை மூலையில் 60 என்றிருந்த எண் 48 ஆகி, 41 ஆகி, 34-இல் வந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நடந்தது இதுதான். விளையாட்டுக்கான லேப்டாப்புகள் பலவற்றில் செயலிக்கும் (சிபியு) கிராஃபிக்ஸ் சில்லுக்கும் வெப்பக் குழாய்கள் பொதுவானவை. ஆட்டம் தொடங்கியதும் சில்லுகள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு உச்ச வேகத்தில் ஓடும். அந்த மெல்லிய உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறும்போது, கருகிவிடாமல் இருக்கத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். நாங்கள் சோதித்தது குளிர்ந்த லேப்டாப்பை. வாங்குகிறவர் ஆடப்போவது சூடான லேப்டாப்பில்.

சூடாவதற்குக் காரணம் என்ன என்று தேடியதில்தான் வெட்கக்கேடு வெளியே வந்தது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பது 16.67 மில்லி நொடி. எதிரிகள் யோசிப்பது, கல் உருள்வது, நிழல் விழுவது, படம் திரைக்குப் போவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அந்த நேரத்தை யார் தின்கிறார்கள் என்று நிரலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் புரொஃபைலரைப் போட்டுப் பார்த்தால், கதாநாயகனின் மூட்டை! வீரன் சேர்த்த பொருட்களைக் காட்டும் அந்தச் சாளரத்தை மூடினால் அது திரையிலிருந்து மறைந்துவிடும். ஆனால் எங்கள் நிரல் செய்தது அதன் ஒளிபுகு தன்மையை முழுதாக்கியது மட்டுமே. இருநூறு சின்னப் படங்களும், ஓரத்தில் சுழலும் வீரனின் முப்பரிமாண உருவமும், யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒவ்வொரு ஃபிரேமிலும் தவறாமல் வரையப்பட்டுக்கொண்டே இருந்தன. என் பெரிய கணினியில் அதற்கு அரை மில்லி நொடிகூட ஆகவில்லை. லேப்டாப்பில் நான்கு. மூடிய சாளரத்தை வரையாதே என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். அரை மணி நேரம் ஆடினாலும் அந்த லேப்டாப் 55-க்குக் கீழே இறங்கவில்லை. பெரிய கணினியிலும் விசிறிச் சத்தம் குறைந்தது.

"பழைய கணினிக்காக ஏன் மெனக்கெட வேண்டும், புதிதாக வாங்கிக்கொள்ளட்டுமே" என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த மூட்டைக் கதையைத்தான் சொல்வேன். வாங்கிக்கொள்ளச் சொல்வது எளிது. எதற்காக வாங்கச் சொல்கிறோம்? பாதி நேரம், கண்ணுக்குத் தெரியாத மூட்டைகளை வரைவதற்காக.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறக்கப் பல நிமிடங்கள் ஆவதை ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். 2021-இல், நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒரு நிரலாளர் பொறுமை இழந்து உள்ளே தோண்டிப் பார்த்தார். கடையில் விற்கும் பொருட்களின் பட்டியல் சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு கோப்பு. ஏறத்தாழ 63,000 பொருட்கள். அதில் ஒவ்வொரு சின்னத் துண்டைப் படிக்கும்போதும், மீதிக் கோப்பு எவ்வளவு நீளம் என்று நிரல் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லைப் படிக்கும் முன்னும் கடைசிப் பக்கம் வரை எழுத்தெண்ணிவிட்டுத் திரும்பி வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் பழைய கணினியில் அதைத் திருத்திக் காட்டினார். ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டு திருத்தியது, அவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசும் கொடுத்தது. அந்த ஆறு நிமிடத்தில் ஒரு துளி அழகும் இல்லை, ஒரு புல்லும் கூடுதலாக அசையவில்லை.

பெரிய கணினி வைத்திருக்கும் விஷயத்தில் விளையாட்டு உருவாக்குகிறவர்கள்தான் விதிவிலக்கானவர்கள் என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதாமாதம் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பைத் திறந்து பாருங்கள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060, நடுத்தர ரகக் கார்டு, அந்தப் பட்டியலின் உச்சியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. அண்மைக் காலத்தில் முன்வரிசைக்கு வந்தவற்றில் லேப்டாப்புக்கான கார்டுகளும் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்துத் தொடங்கியவர்களும் உண்டு: 2020-இல் வெளியான வாலரண்ட் தன் குறைந்தபட்சத் தேவையாகக் கேட்டது, 2012-இல் செயலியோடு சேர்ந்து வந்த இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ் சில்லை. கடைசி வாரத்தில் உட்கார்ந்து இந்த நிலைக்கு இறக்க முடியாது. வரைபடத்தில் எத்தனை விளக்கு, ஒரு சுவரில் எத்தனை முக்கோணம் என்று முதல் நாளே முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஊகம் இரு பக்கமும் வெட்டும். 2007-இல் வந்த கிரைசிஸ், செயலியின் ஒற்றை மையம் (கோர்) வருங்காலத்தில் இன்னும் இன்னும் வேகமாகும் என்று நம்பி எழுதப்பட்டது. செயலிகளோ மையங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு வேறு வழியில் போய்விட்டன. பல ஆண்டுகள் கழித்து வந்த கணினிகளும் அதன் முன் திணறின. இதற்கு நேரெதிர், ஹெல்டைவர்ஸ் 2. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு உதவுவதாக எண்ணி ஒரே தரவைப் பலமுறை நகலெடுத்து வைத்ததில் அது 150 ஜிபியைத் தாண்டி வீங்கியது. 2025-இல் அளந்து பார்த்து நகல்களை நீக்கியபோது சுமார் 23 ஜிபியாகச் சுருங்கியது. ஹார்ட் டிஸ்க்கில் திறக்கும் நேரம் சில நொடிகள்தான் கூடியது. பழைய கணினிமேல் அக்கறை இருந்தால் மட்டும் போதாது, பழைய கணினியில் ஓட்டி அளக்கவும் வேண்டும்.

எல்லா விளையாட்டும் எல்லாக் கணினியிலும் ஓட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒளி எப்படிப் பட்டுத் தெறிக்கும் என்று கணக்கிட்டு வரையும் ஒளிக்கதிர் கணிப்பை (ரே டிரேசிங்) அடித்தளமாகவே கொண்ட விளையாட்டுகள் வருகின்றன. அவற்றுக்கு அந்த வசதியுள்ள கார்டு வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. ஆனால் "முடியாது" என்ற சொல்லை எங்கள் துறை அவசரப்பட்டுச் சொல்கிறது. விட்சர் 3 என்னும் பரந்த விளையாட்டை 2019-இல், வெறும் 4 ஜிபி நினைவகமுள்ள நிண்டெண்டோ ஸ்விட்ச் கையடக்கக் கருவிக்கு முழுதாகக் கொண்டுவந்தார்கள். படம் மங்கல்தான். ஆனால் கதை குறையவில்லை.

தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்த மங்கல்தான் பெரிய விடுதலை. அங்கே கிராஃபிக்ஸ் சில்லுக்குச் சொந்த நினைவகம் இல்லை. செயலியோடு ரேமைப் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் இரண்டு துண்டாக இருந்தால் நொடிக்கு 51.2 ஜிபி தரவு போய்வரும். ஒற்றைத் துண்டு என்றால் அதில் பாதி. ஜிடிஎக்ஸ் 1060-இன் 6 ஜிபி வகைக்கோ தனக்கென்றே 192 ஜிபி. வரைய வேண்டிய புள்ளிகளை (பிக்சல்களை) குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை: 1920×1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள், 1366×768-இல் ஏறத்தாழப் பத்தரை லட்சம். முப்பரிமாணக் காட்சியை மட்டும் குறைந்த புள்ளிகளில் வரைந்து, எழுத்துகளை முழுத் தெளிவில் விட்டுவிடும் வசதியை ஒவ்வொரு விளையாட்டிலும் வைக்கலாம். பலர் வைப்பதில்லை. காட்சியோடு சேர்ந்து எழுத்தும் கலங்கி, ஆட்டக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

பணக்கணக்கு பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பழைய செயலியில் ஷேடர்களை, அதாவது கிராஃபிக்ஸ் சில்லு ஓட்டும் சிறு நிரல்களை, தயார் செய்யவே முதல் இருபது நிமிடத்தைத் தின்றுவிடும் விளையாட்டு, அந்த இரண்டு மணி நேரத்தை எப்படித் தொடங்குகிறது என்று யோசியுங்கள்.

ஆடுகிறவர்கள் செய்துகொள்ளக் கூடியதும் உண்டு. முதலில் ஃபிரேம் வரம்பை வையுங்கள். 60-க்கும் 40-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட 40-இலோ 30-இலோ நிலையாக நிற்பது கைக்கு இதமாக இருக்கும், சூடும் குறையும். முகப்புத் திரையில்கூட வரம்பு தேவை. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது, சும்மா நிற்கும் திரைகளிலேயே கட்டுப்பாடில்லாமல் ஃபிரேம்களை வரைந்து கார்டுகளைச் சூடாக்கியதும், வரம்பு வைக்கச் சொல்லி நிறுவனமே வழிகாட்டியதும் இந்தத் துறையில் பழைய கதை. மின்இணைப்பில் வைத்தே ஆடுங்கள். பேட்டரியில் பெரும்பாலான லேப்டாப்புகள் வேகத்தை இறக்கிவிடும். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் இருந்தால் விளையாட்டு எதில் ஓடுகிறது என்று விண்டோஸ் அமைப்புகளில் பாருங்கள், பலவீனமானதில் ஓடிக்கொண்டிருக்கலாம்! மெத்தைமேல் வைத்து ஆடாதீர்கள். இவ்வளவும் செய்துவிட்டு, ரேமுக்கு இரண்டாவது இடம் காலியாக இருந்தால் அதை நிரப்புவது பற்றி யோசிக்கலாம். புதிய கணினி அதற்கப்புறம்.

அப்படியும் திணறினால் எங்களுக்கு எழுதுங்கள், ஆனால் "லேக் ஆகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். லேப்டாப்பின் மாடல், ரேம் எத்தனை துண்டு, மின்இணைப்பில் இருந்ததா, ஆடத் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் வேகம் குறைந்தது என்ற நான்கும் வேண்டும். அந்த நிமிடக் கணக்குதான் முக்கியம். முதல் நிமிடத்திலேயே என்றால் நான் புள்ளிகளைப் பார்ப்பேன். இருபதாவது நிமிடத்தில் என்றால் சூட்டைப் பார்ப்பேன். இரண்டு மணி நேரம் கழித்து என்றால் எங்கோ நினைவகம் கசிகிறது, அதாவது எடுத்த ரேமை விளையாட்டு திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறது.