எந்தக் குவாட்டர்பேக்கை எடுப்பது? பகடையை உருட்டிப் பார்த்தால் புரியும்

சிகாகோவில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஏப்ரல் மாதம் வந்தாலே வீட்டில் அவருக்கும் மகனுக்கும் வாக்குவாதம்தானாம். 2024இல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைத்தபோது, கேலப் வில்லியம்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்று மகன் சொல்ல, ஜேடன் டேனியல்ஸ்தான் சரி என்று இவர் நின்றிருக்கிறார். அணி வில்லியம்ஸை எடுத்தது. அடுத்த இடத்தில் வாஷிங்டனுக்குப் போன டேனியல்ஸ் அந்த ஆண்டே தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கிவிட்டார். "அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? இதை முன்கூட்டியே கணிக்க அறிவியலில் வழி இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. குவாட்டர்பேக் என்பவர்தான் பந்தை வாங்கி, எதிரணி ஆட்கள் தன் மேல் வந்து விழுவதற்கு முன், கிட்டத்தட்ட மூன்று விநாடிக்குள், யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிகிறவர். இதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் மொத்தம் 32 அணிகள். கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களை ஐபிஎல் போல ஏலத்தில் எடுப்பதில்லை, முறை வைத்து எடுக்கிறார்கள், அதற்குத்தான் டிராஃப்ட் என்று பெயர். போன ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை, சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் ஜெயித்த அணிக்குக் கடைசி முறை, இப்படி ஏழு சுற்று. ஆனால் தன் முறையை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம். இந்த விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

தேர்வுக்கு முன் இளைஞர்களை இண்டியானாபோலிஸில் கூட்டி அளக்கிறார்கள். உயரம், எடை, ஓட்டம், உள்ளங்கையை விரித்தால் எத்தனை அங்குலம், எல்லாம். 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஒரு அறிவுத் தேர்வும் பல ஆண்டுகள் இருந்தது, 2022இல்தான் விட்டார்கள். ஜோ பர்ரோவின் கை 9 அங்குலம்தான் என்று 2020இல் எவ்வளவோ பேசினார்கள். இரண்டே ஆண்டில் அந்தக் கை சின்சினாட்டி அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனது. கையின் நீளத்தையும் கண்ணில் தெரியும் 'தலைவனின் களையையும்' வைத்து ஒருவனின் எதிர்காலத்தைச் சொல்வதற்கும் நம் ஊர் சாமுத்திரிகா லட்சணத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஈரப்பந்தைப் பிடிக்கக் கை உதவலாம், சரி. அதற்கு மேல் அதில் ஒருவனின் விதியைப் படிப்பது மூடநம்பிக்கை.

இவ்வளவு அளந்தும் எப்படித் தவறுகிறது என்பதற்கு உதாரணங்கள் ஏராளம். டாம் பிரேடி 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். பிராக் பர்டி 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது. 2007இல் முதல் ஆளாகப் போன ஜமார்கஸ் ரஸல் மூன்று பருவத்தோடு முடிந்துபோனார். 1998இல் பெய்டன் மானிங்கா, ரயன் லீஃபா என்று நாடே விவாதித்தது. மானிங் பிறகு ஐந்து முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏறுவதற்காகவே பல வாய்ப்புகளைக் கொடுத்து சான் டியாகோ வாங்கிய லீஃப் எறிந்ததோ, மொத்த வாழ்க்கையில் 14 டச்டவுன், அதாவது கோல் போல அணிக்குப் புள்ளி தரும் எறிவு. எதிரணி பறித்த பந்துகள் 36.

தேடுகிறவர்கள் முட்டாள்கள் என்று இதற்குப் பலர் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு புத்திசாலிகள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாலும் தேர்ந்தெடுத்தல் என்ற செயலுக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் எண்ணெய் எடுக்கிறவர்கள்!

1971இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்று பேர், கேப்பன், கிளாப், கேம்பெல், ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மெக்சிகோ வளைகுடாவில் கடலடி நிலத்தை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம். அவர்கள் சொன்ன காரணம் இது. ஒரே நிலத்தின் அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று பல நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. எல்லோருக்கும் கொஞ்சம் பிழை வரும், சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய. சராசரியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏலத்தில் ஜெயிப்பது சராசரிக்காரர் இல்லையே. யார் மேல்பக்கமாக அதிகம் தப்பு செய்தாரோ அவர்தான் ஜெயிக்கிறார். ஜெயித்ததே அவர் அதிகம் மதிப்பிட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம். இதற்கு 'ஜெயித்தவரின் சாபம்' என்று பெயர்.

இதை வீட்டில் ஒரு லூடோ பகடையை வைத்துச் செய்து பார்க்கலாம், தயவுசெய்து செய்து பாருங்கள், படிப்பதைவிட அதில்தான் சுகம். நான்கு குவாட்டர்பேக்குகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரும் திறமையில் அச்சு அசலாக ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை பகடை உருட்டுங்கள், விழுகிற எண்தான் அவர் கல்லூரியில் காட்டிய ஆட்டம். திறமை சமம் என்பதால் எண்ணில் வரும் வித்தியாசம் முழுவதும் அதிர்ஷ்டம்: எதிரணி பலவீனம், கூட ஆடியவர்கள் கெட்டிக்காரர்கள், அன்றைக்குக் காற்று இல்லை, இப்படி. இப்போது அதிக எண் வாங்கியவரை 'எடுங்கள்'. அவர் எண் சராசரியாக என்ன இருக்கும்? ஒரு பகடையின் சராசரி 3.5, ஆனால் நான்கில் பெரியதைப் பொறுக்கினால் சராசரி 5.2க்கு மேல் வரும். சரி, அவரைத் தொழில்முறை ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், அதாவது அவருக்கு மட்டும் மறுபடி உருட்டுங்கள். சராசரி திரும்ப 3.5தான். 5.2இலிருந்து 3.5க்கு விழுந்துவிட்டார்! பத்திரிகையில் 'அழுத்தம் தாங்கவில்லை', 'பணம் வந்ததும் உழைப்பு போய்விட்டது' என்று எழுதுவார்கள். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை, முன்பு இருந்த அதே ஆள்தான். நாம் பொறுக்கிய விதம்தான் அவரை அந்த உயரத்தில் காட்டியது.

இப்போது பகடையை மாற்றி உருட்டுங்கள். ஆள் ஒருவர்தான், ஆனால் 32 அணிகளும் ஆளுக்கொரு பகடை உருட்டி அவரை மதிப்பிடுகின்றன. 32 பகடையில் பெரிய எண் எது? அநேகமாக எப்போதும் 6. யாரோ ஓர் அணிக்கு அவர் கடவுள் மாதிரி தெரிவார் என்பது கிட்டத்தட்ட நிச்சயம், அந்த அணிதான் இரண்டு மூன்று வருட வாய்ப்புகளை அள்ளிக் கொடுத்து முன்னேறி அவரை எடுக்கும். முறைகளை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி வந்தவுடன் டிராஃப்ட் ஓர் ஏலமாகவே ஆகிவிடுகிறது.

நிஜத்தில் நான்கு பேரும் சமம் இல்லைதான். கொஞ்சம் திறமை, கொஞ்சம் அதிர்ஷ்டம், இரண்டும் கலந்துதான் எண் வருகிறது. அப்போது என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பார்த்த எண்ணை சராசரியை நோக்கிச் சுருக்க வேண்டும். எவ்வளவு சுருக்குவது என்பது எவ்வளவு சாட்சி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆட்டக்காரர்களுக்கு இடையே திறமையால் வரும் ஏற்ற இறக்கமும் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கமும் சம அளவு என்றால், பாதியாகச் சுருக்கணும். அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் முன்பிருந்ததில் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால், முக்கால் பங்கை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். சராசரி இளைஞனுக்கு 50 மதிப்பெண். 13 ஆட்டம் ஆடிய ஒருவன் 80 வாங்கியிருக்கிறான். 39 ஆட்டம் ஆடிய இன்னொருவன் 74. யாரை எடுப்பீர்கள்? முதல்வனுக்குப் பாதி சுருக்கம் என்று வைத்தால், சராசரிக்கு மேல் இருக்கும் 30இல் 15தான் நிஜம், ஆக 65. இரண்டாமவன் மூன்று மடங்கு ஆட்டம் ஆடியிருப்பதால் அவன் அதிர்ஷ்டப் பங்கு மூன்றில் ஒன்று; 24இல் முக்கால் பங்கு 18, ஆக 68. வரிசையே தலைகீழாகிவிட்டது! ஆறு மதிப்பெண் பின்னால் இருந்தவன்தான் நாம் பந்தயம் கட்ட வேண்டிய ஆள். கல்லூரியில் படித்த காலத்தில் இந்தக் கணக்கை முதல்முறை கையால் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும், கண் காட்டுகிற வரிசையை மாற்றிவிடலாம் என்பது இன்றைக்கும் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது.

வாசகரின் ஊருக்கே வருவோம். 2017இல் சிகாகோ மூன்றாவது இடத்தில் இருந்தது. ஒரே ஒரு படி ஏறுவதற்காக அந்த மூன்றாவது வாய்ப்போடு இன்னும் மூன்று வாய்ப்புகளையும் சான் பிரான்சிஸ்கோவிடம் கொடுத்து மிட்ச் ட்ரபிஸ்கியை எடுத்தது. கல்லூரியில் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 13 ஆட்டங்களில். கடைசிப் பருவத்தில் 447 எறிந்து 304 போய்ச் சேர்ந்தது, 68 சதவீதம், கண்ணைப் பறிக்கும் எண். அதே டிராஃப்டில் இருந்த பேட்ரிக் மஹோம்ஸ் மூன்று பருவத்தில் 1,349 எறிந்து 63.5 சதவீதம். பள்ளிப் புள்ளியியல் வாய்ப்பாட்டைப் போட்டால் ட்ரபிஸ்கியின் எண்ணில் தற்செயல் தடுமாற்றம் இரண்டு பக்கமும் 2.2 புள்ளி, மஹோம்ஸுக்கு 1.3. மஹோம்ஸ் 10ஆவது இடத்தில் கன்சாஸ் சிட்டிக்குப் போய், இதுவரை மூன்று சூப்பர் பவுல் ஜெயித்திருக்கிறார்.

ஆனால் இந்த உதாரணத்தை எனக்குச் சாதகமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. மஹோம்ஸை எடுக்க கன்சாஸ் சிட்டியும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்துத்தான் 27இலிருந்து 10க்கு ஏறியது. அந்தப் பந்தயம் பலித்தது. ஜாஷ் ஆலன் வயோமிங்கில் எறிந்தது வெறும் 56.2 சதவீதம்தான் சேர்ந்தது, எந்தக் கணக்கும் அவரைப் பரிந்துரைத்திருக்காது, பஃபலோவில் அவர் ஆடும் ஆட்டமோ ஊரறிந்தது. சுருக்கும் கணக்கு நூறு பேரைப் பற்றி நன்றாகச் சொல்லும், ஒருவரைப் பற்றி வாக்குறுதி தராது. அப்புறம் இன்னொன்று: கூட நிறைய ஆட்டம் ஆடினால் தற்செயல் பிழைதான் குறையும். கல்லூரியின் ஆட்டமுறையே எளிதாக இருந்து எல்லா எண்ணையும் ஊதிக் காட்டினால் நாற்பது ஆட்டம் பார்த்தாலும் அந்த ஊதல் அப்படியே இருக்கும்.

மொத்தமாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கேட் மேசியும், பிறகு 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் பல ஆண்டு டிராஃப்டுகளை அலசி 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆட்ட இடத்துக்கு முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தானாம். நாணயத்தைச் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். அந்தக் கொஞ்சத்துக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். 2012இல் வாஷிங்டன், ராபர்ட் கிரிஃபினுக்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தது. முதல் ஆண்டு அபாரம், 2013 ஜனவரியில் முழங்கால் போனது. அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில், 102ஆவது ஆளாக, அதே வாஷிங்டன் எடுத்துவைத்த கர்க் கசின்ஸ்தான் 2015இலிருந்து 2017 வரை அவர்களின் தொடக்க ஆட்டக்காரர். ஆக, என் கட்சி இதுதான்: யார் சிறந்தவர் என்று தெரியாத இடத்தில் லாட்டரிச் சீட்டு போன்ற வாய்ப்புகளை அதிகம் வைத்துக்கொள்ளணும், எல்லாச் சீட்டையும் கொடுத்து ஒரு சீட்டு வாங்கக் கூடாது.

இந்த ஆய்வை இன்னும் ஆழமாகச் செய்யத் தடையாக இருப்பது பூட்டிய அலமாரிகள். ஆட்டக்காரர்களின் தோள்பட்டைக் கவசத்தில் இருக்கும் சில்லிலிருந்து வரும் தரவை, அதை அலசுகிறவர்களுக்கு நடத்தும் போட்டிகள் வழியாக லீக் கொஞ்சம் வெளியே கொடுக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அணிக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் எழுதிய மதிப்பெண்களை அணிகள் ரகசியமாகவே வைத்திருக்கின்றன. இருபது வருடம் பழைய மதிப்பெண்களைப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட்டால் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்ற பங்கை நேராகவே அளக்கலாம். ஓய்வுபெற்றுவிட்ட ஆட்டக்காரரைப் பற்றிய ரகசியத்தால் யாருக்கு என்ன லாபம்?

சரி, வாசகரின் முதல் கேள்வி. 2024இல் அவர் சொன்னது சரியா? ஒரு பருவம் என்பது 17 ஆட்டம், அதுவும் ஒரு சின்னப் பகடை உருட்டல்தான். அந்தப் பருவத்தில் வில்லியம்ஸ் பந்தை எறியும் முன்பே 68 முறை தரையில் வீழ்த்தப்பட்டார், அது அவர் ஒருவரின் குறையாக இருக்க முடியாது. ஸ்டீவ் யங் டாம்பா பேயில் தொடங்கிய 19 ஆட்டங்களில் ஜெயித்தது மூன்றுதான். அணி மாறி சான் பிரான்சிஸ்கோ போனபின் அதே ஆள் புகழரங்கத்தில் இடம்பிடித்தார். ஒரு வருடத்தை வைத்து அப்பா மகனிடம் வெற்றி கொண்டாடுவதற்கு நான் சான்றிதழ் தர மாட்டேன்.

அடுத்த ஏப்ரலுக்கு ஒரு வேலை சொல்கிறேன். புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன், ஒரு கண்காட்சியில் மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் என்ன எடை வரும் என்று ஊகித்த 787 சீட்டுகளை எடுத்துப் பார்த்து 1907இல் வெளியிட்டார். நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு, நிஜ எடை 1,198. ஒருவரைக் கேட்காமல் ஒருவர் எழுதியதால்தான் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு எழுதியிருந்தால் எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்பு, சாப்பாட்டு மேசையில் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பு, நீங்களும் மகனும் தனித்தனித் தாளில் ஒவ்வொரு இளைஞனுக்கும் மதிப்பெண் போட்டு மடித்து வையுங்கள். வீட்டில் ஆட்டம் பார்க்கும் மற்றவர்களிடமும் வாங்குங்கள். எத்தனை ஆட்டம் ஆடினான் என்பதைப் பார்த்துச் சுருக்குங்கள், பிறகு எல்லாத் தாளுக்கும் சராசரி எடுங்கள். தாளைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, ஐந்து வருடம் கழித்து எனக்கு எழுதுங்கள்.