நன்கொடையாளர் பட்டியலைத் தரவுத்தளத்தில் ஏற்றுமுன்

எக்செல் பட்டியலை நன்கொடையாளர் தரவுத்தளத்தில் ஏற்றும்போது, பிழை என்று சொல்லி நிற்கும் வரிகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. மென்பொருள் தடுத்துவிட்டது, நாமும் பார்த்துத் திருத்திவிடுவோம். கவலை தருபவை தடையே இல்லாமல் உள்ளே போய்விட்ட வரிகள்தான். பெயர் ஒருவருடையது, மின்னஞ்சல் இன்னொருவருடையது என்று இருந்தாலும் மென்பொருளுக்கு அது ஒழுங்கான பதிவு. இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் புது ஆளாக மறுபடி நுழைந்தாலும், இம்போர்ட் வெற்றி என்றுதான் திரையில் வரும்.

தொண்டு நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் வேலை. நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் நிரப்பிய படிவம், தன்னார்வலர்கள் கையால் எழுதி வாங்கிய பட்டியல், பழைய மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பு என்று பலவிதமாக வரும். நன்றிக் கடிதம் நாளைக்கே போக வேண்டும், இன்றைக்கு ஏற்றிக் கொடுங்கள் என்ற வேண்டுகோளும் கூடவே வரும். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. கொடுத்தவருக்கு நன்றி தாமதமாகக் கூடாது. ஆனால் ஏற்றுவதற்குச் சில நிமிடம் போதும். தப்பாக ஏறியதைத் தேடிப் பிரிப்பது வாரக்கணக்கில் இழுக்கும்.

முதலில் எக்செல்லைப் பார்ப்போம். நாம் கேட்காமலேயே மதிப்புகளை மாற்றும் குணம் அதற்கு உண்டு. சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்திருக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், சுழியத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணிலும் அஞ்சல் குறியீட்டிலும் அந்தச் சுழியம் காணாமல் போகும். நாட்டுக் குறியீட்டோடு சேர்ந்து 12 இலக்கமாக நிற்கும் எண், கணிதப் பாடத்தில் வரும் அடுக்குக்குறி வடிவத்துக்கு, 9.19877E+11 போல, சுருங்கிவிடும். அந்த நிலையிலேயே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் ஏறும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க அடையாள எண் இருந்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். வீட்டு எண் 5/12 என்று இருந்தால் அதைத் தேதியாக்கிவிடும். இந்தத் தேதித் தொல்லை பெரிய இடங்களையும் விட்டுவைக்கவில்லை. மாதப் பெயர்களைப் போலத் தோன்றிய சில மனித மரபணுக்களின் குறியீடுகளை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அவற்றின் அதிகாரபூர்வக் குறியீடுகளையே மாற்ற வேண்டி வந்தது.

சிஎஸ்வியை நேரடியாகத் திறக்காமல், ‘டேட்டா’ பட்டி வழியாக உள்ளே கொண்டுவந்து, தொலைபேசி, அஞ்சல் குறியீடு, முகவரி, அடையாள எண் ஆகிய நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட்டால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை வராது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 போல எழுதுங்கள். 03/04/2024 என்பது ஒருவருக்கு ஏப்ரல், இன்னொருவருக்கு மார்ச். பிறந்த ஆண்டு வெறும் 28 என்று இருந்தால், அது 1928-ஆ 2028-ஆ என்பதை மென்பொருள்தான் ஊகிக்கும். அந்த ஊகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தமிழ்ப் பெயர்கள் இருக்கும் கோப்பைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற தேர்வைத்தான் எடுக்க வேண்டும். இதைவிட நுட்பமான இன்னொன்று உண்டு. ‘பொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தரவுத்தளம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், பொன்மணி என்ற ஒருவர் இரண்டு பேராகிவிடுவார். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயர்களில் வரும் ஒருவகை இடைவெளியை எக்செல்லின் ‘டிரிம்’ சூத்திரம்கூட நீக்காது; அதைத் தேடி மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், வரிசைப்படுத்துவது. ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைக்குக் கொண்டுவந்தால், பெயர்கள் நகரும், மின்னஞ்சல்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டுப் போவது எளிது. இதை எந்த மென்பொருளும் பிழையென்று கண்டுபிடிக்காது. அதனால், வந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். முதல் வேலையாக ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொடர் எண் போட்டுவிடுங்கள். சந்தேகம் வரும்போது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் கைகொடுக்கும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில், கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்று முடிவுகள் அன்றாடக் கணக்கில் வராமல் விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நம் பட்டியல் சிறியதாகவே இருக்கலாம். ஆனால் கோப்பில் எத்தனை வரி, உள்ளே ஏறியது எத்தனை, ஏற்கெனவே இருந்ததோடு பொருந்தியது எத்தனை, நிராகரிக்கப்பட்டது எத்தனை என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கக் கூடாது. இன்னொன்று: வடிகட்டி போட்டு மறைத்த வரிகளும் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கூடவே போகும். வேண்டாதவர்களை மறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அவர்கள் கோப்பில் இருப்பார்கள்.

சரி, ஷீட் சுத்தமாகிவிட்டது. இனி, இந்த வரியில் இருப்பவர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறாரா என்ற கேள்வி. முழு வேலையிலும் அதிக நேரம் தர வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

மின்னஞ்சலை மட்டும் வைத்துப் பொருத்தினால், கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்தும் வீட்டில் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அலுவலகப் பொது மின்னஞ்சலைக் கொடுத்த பலரும் ஒரே ஆளாவார்கள். பெயரை மட்டும் வைத்தால், ஒரே பெயருள்ள இரண்டு அந்நியர்கள் கலந்துவிடுவார்கள். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்து மட்டும் உள்ளவர்களிடம் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஒரு பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் குடும்பப் பெயர் கட்டாயம் நிரப்ப வேண்டிய புலம் (கட்டம்) என்பதற்காக அங்கே ஒரு புள்ளியை வைத்திருப்பார்கள். பெயரோடு மின்னஞ்சலோ தொலைபேசியோ சேர்ந்து பொருந்தினால் மட்டும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வதும், பாதி பொருந்துவதை மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்வதும்தான் பாதுகாப்பு. பழைய மென்பொருளிலிருந்து வரும் பட்டியல் என்றால், அங்கே இருந்த அடையாள எண்ணையும் புறக் குறியீடாக, அதாவது வேறு மென்பொருள் கொடுத்த எண்ணுக்கென்று உள்ள புலத்தில், ஏற்றிவிடுங்கள். பின்னால் அவர்களது நன்கொடை விவரங்களைத் தனிக் கோப்பாக ஏற்றும்போது எது யாருடையது என்று அந்த எண்தான் சொல்லும்.

இரட்டைப் பதிவு, தவறான இணைப்பு இரண்டில் ஒன்றைத் தவிர்க்க முடியாது என்றால் நான் இரட்டைப் பதிவையே ஏற்பேன். ஒருவர் இரண்டாக இருந்தால் ஒரே கடிதம் இரண்டு முறை போகும். சங்கடம்தான், ஆனாலும் பிறகு இணைத்துவிடலாம். இரண்டு பேர் ஒன்றாகிவிட்டால் அது பாலில் கலந்த தண்ணீர். யார் எந்த நன்கொடை கொடுத்தார், யாருக்கு எந்த ரசீது போனது, தொலைபேசியில் பேசியதாக உள்ள குறிப்பு யாருடையது என்று பிரிக்கவே முடியாது. ஒருவர் கொடுத்த தொகை இன்னொருவரின் ரசீதில் வந்தால், அவர்கள் நம்மை எப்படி நம்புவார்கள்?

பொருந்தியவர்களை என்ன செய்வது என்பதையும் மென்பொருள் கேட்கும். உதாரணமாக, தொண்டு நிறுவனங்களுக்கான திறமூல மென்பொருளான சிவிசிஆர்எம் இந்த இடத்தில் தேர்வுகள் தருகிறது: பொருந்திய வரியை விட்டுவிடலாம், பழைய பதிவைப் புதுப்பிக்கலாம், காலியாக உள்ள புலங்களை மட்டும் நிரப்பலாம், அல்லது பொருத்தமே பார்க்காமல் எல்லாரையும் புதிதாகச் சேர்க்கலாம். கடைசித் தேர்வைத் தொடாதீர்கள். புதுப்பிக்கும் தேர்விலும் கவனம் வேண்டும். போன மாதம் தானே அழைத்துப் புது முகவரி சொன்னவரின் பதிவில், இரண்டு வருடத்துக்கு முந்தைய பட்டியலின் முகவரி ஏறிவிடக்கூடும். நிரப்புவது மட்டும் என்பதே பெரும்பாலும் நல்லது. காலியான கட்டம் பழைய மதிப்பை அழிக்குமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். உங்களுடையதில் ஒரே ஒரு சோதனைப் பதிவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தொடர்புகொள்ள வேண்டாம் என்று சொன்னவர்கள், காலமானவர்கள் — இந்த இரண்டு குறிப்புகள்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். தரவுத்தளத்தில் இருக்கும் பதிவில் அந்தக் குறிப்பு இருக்கிறது, புதுப் பட்டியலில் அதே ஆள் வேறு எழுத்துக்கூட்டலோடு வருகிறார், பொருத்தம் தவறுகிறது, குறிப்பில்லாத புதுப் பதிவு உருவாகிறது. அடுத்த வேண்டுகோள் கடிதம் இறந்துபோனவரின் பெயருக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டும். அதைப் பிரித்துப் படிப்பது அவருடைய மனைவியாகவோ மகனாகவோ இருப்பார். ஏற்றுவதற்கு முன்பே இந்த இரண்டு வகையினரின் பட்டியலைத் தனியே எடுத்து, புது ஷீட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயிரம் வரி இருந்தாலும் இதைக் கையால் செய்வது வீண் வேலையாகாது.

விலகிக்கொண்டவரின் பதிவை முழுவதுமாக அழித்துவிடுவது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். அழித்துவிட்டால், அடுத்த பட்டியலில் அவர் பெயர் வரும்போது தடுக்க நம்மிடம் எதுவும் இருக்காது. அடையாளம் காணப் போதுமான குறைந்தபட்ச விவரத்தை மட்டும் வைத்து, அனுப்பக்கூடாதவர் என்று குறித்து வைப்பதுதான் அவர் விருப்பத்தைக் காக்கும் வழி.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு புலமாகவே சேர்த்துவிடுங்கள்: எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எதற்குச் சம்மதித்தார்கள். கண்காட்சியில் பரிசுக் குலுக்கலுக்காக எண் கொடுத்தவர் நன்கொடை அழைப்புக்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள், ஒருவரின் விவரத்தை வேறு யாரிடமிருந்தோ பெற்றால் அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. அந்த விதி பொருந்தாத இடத்திலும், என் எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும். பதில் இல்லாத பட்டியலை ஏற்ற மாட்டேன் என்று சொல்லும் உரிமை தரவுத்தளப் பொறுப்பாளருக்கு இருக்க வேண்டும்.

ஏற்றும் நாளில் முதலில் பேக்கப். பிறகு ஒரு பத்து வரி மட்டும். அந்தப் பத்தில் எளிய வரிகளைப் போடாதீர்கள். ஒரே மின்னஞ்சல் உள்ள தம்பதி, தமிழில் எழுதிய பெயர், காலி முகவரி, ஏற்கெனவே இருப்பவர், விலகிக்கொண்டவர் என்று சிக்கலானவர்களாகப் பொறுக்கிப் போடுங்கள். ஒவ்வொரு பதிவையும் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் மீதியை ஏற்றலாம். எல்லாருக்கும் அந்தத் தேதியிட்ட ஒரே குறிச்சொல் கட்டாயம். ஏதாவது தவறினால் இந்தத் தொகுப்பில் வந்தவர்களை மட்டும் பிரித்தெடுக்க அது ஒன்றே வழி. தானாக வரவேற்பு மின்னஞ்சல் போகும் ஏற்பாடு இருந்தால், ஏற்றி முடித்துச் சரிபார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

முடிந்ததும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பதிவுகளை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு மூலக் கோப்பை அனுமதி உள்ளவர்கள் மட்டும் திறக்கக்கூடிய ஓரிடத்தில் வைத்துவிட்டு, மடிக்கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் மின்னஞ்சல் இணைப்புகளிலும் கிடக்கும் மற்ற நகல்களை அழிக்கச் சொல்லுங்கள். அனுப்பியவரிடமும் சொல்லுங்கள், பெரும்பாலும் அவரிடம்தான் இன்னும் இரண்டு நகல் இருக்கும்.