பையன் சொன்ன பேச்சு கேட்பதில்லையா? முதலில் காதைச் சோதியுங்கள்

போன வாரம் பர்லியாறிலிருந்து ஓர் அம்மா, பதினோராம் வகுப்பு படிக்கும் மகனைக் குன்னூருக்கு, காது கேட்கும் திறனைச் சோதிக்கும் என்னிடம் அழைத்து வந்தார். இந்த மாதம் இதே கதையோடு வந்த நான்காவது பிள்ளை. "எப்பப் பார்த்தாலும் குத்துப் பாட்டுதாங்க. அதைக் கேட்டே கெட்டுப் போயிட்டான். சொன்ன பேச்சு கேக்கறதே இல்லை" என்றார். குளிர்காற்று புகுந்திருக்கும் என்று காதில் எண்ணெய் வேறு காய்ச்சி விட்டிருக்கிறார்கள்.

வெளிச்சத்தம் புகாத சவுண்ட் ரூமில் உட்காரவைத்துச் சோதித்தேன். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு டக் டக்கென்று பட்டனை அழுத்தினான். 4,000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சென்ற உயர்ந்த சுருதி வந்ததும் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தை 45 டெசிபலுக்கு ஏற்றிய பிறகுதான் விரல் அசைந்தது. தேயிலை ஃபேக்டரியில் இருபது வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், விழும் பள்ளம் அது. இவனுக்குப் பதினாறு வயது. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடும்போது பாதிச் சொல் அவனுக்கு விழுவதே இல்லை. அதற்குத்தான் இத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறான்.

"எங்க பொண்ணு மெலடிதான் கேக்கும், அதனால பயமில்லை" என்பார்கள் இன்னும் சிலர். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. குத்துப் பாட்டோ, படுகப் பாட்டோ, தாலாட்டோ, காதுக்கு எல்லாம் ஒன்றுதான். எவ்வளவு சத்தம், எத்தனை மணி நேரம், இந்த இரண்டுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்கு வாரம் 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் அரை மணி நேரம்கூடக் கிடையாது. பிள்ளைகளுக்கு வரம்பு இதைவிடக் குறைவு.

இந்தப் பையன் தினமும் பஸ்ஸில் மலை ஏறி வருகிறான். கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் உறுமும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் வால்யூமை முழுசாகத்தான் வைக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் அப்படித்தான். ராத்திரி இயர்பட்டோடே தூக்கம்.

பஸ்ஸில் ஏறினால் இயர்பட்டைப் பைக்குள் போடுங்கள், தம்பிகளே. வீட்டில் வால்யூம் பாதியைத் தாண்ட வேண்டாம். போன் செட்டிங்ஸிலேயே வரம்பு வைக்கலாம். கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்று ஆடாதீர்கள். மலை ஏறும்போது அடைக்கும் காது எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். ஆனால் மறுநாளும் 'ங்கொய்' என்று இரைந்தால் உடனே வாருங்கள். எண்ணெய் விடவே விடாதீர்கள். சோதனைக்கு முந்தின நாள் முழுக்கப் பாட்டு வேண்டாம், இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் சேர்ந்து அளவு தப்பாக வரும்.

"இப்ப நிறுத்தினா திரும்ப வருமா மேடம்?" என்று கேட்டான். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல் செத்தால் மறுபடி முளைக்காது என்று உண்மையைத்தான் சொன்னேன். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகாமல் நிற்கிறதா என்று பார்க்க.