கால் போகும் வழியில் கடை

வளரும் ஊர் எதுவானாலும் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்துவிடும். நடு ஊரில் பழைய கட்டடங்கள் நிற்கும் ஒரு பெரிய மனையை இடித்துவிட்டு, கடைகள், திரையரங்கு, உணவகங்கள், பிள்ளைகள் விளையாட ஓர் இடம் என்று புதிதாகக் கட்டப் போகிறார்கள். சுற்றி அடித்த தகரத்தில் படம் ஒட்டுகிறார்கள். படத்தில் மரம் இருக்கும், கண்ணாடி இருக்கும், சிரித்துக்கொண்டே நடக்கும் மனிதர்கள் நிறைய இருப்பார்கள். கட்டி முடித்த பிறகு சில இடங்களில் அந்த மனிதர்கள் உண்மையிலேயே வருகிறார்கள். சில இடங்களில் இரண்டாம் ஆண்டிலேயே ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன.

இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட முடியாது. நூறு ஆண்டுகளாக ஆட்கள் இதை எண்ணி, அளந்து, கணக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். விளம்பரப் பலகையில் எழுதுவது சதுர அடி. கடையை வாழவைப்பது காலடி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது, ஏனென்றால் ஊரின் நடுப்பகுதியை ஒருமுறை இடித்துக் கட்டினால் அடுத்த வாய்ப்பு வர ஒரு தலைமுறை ஆகும்.

முதல் கேள்வி, ஆட்கள் இங்கே வருவார்களா, பக்கத்துப் பெரிய ஊருக்குப் போவார்களா என்பது. 1931-இல் அமெரிக்காவில் வில்லியம் ரைலி என்பவர் இதற்கு நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போலவே ஒரு விதியைச் சொன்னார். ஊர் பெரிதானால் இழுப்பு கூடும், தூரம் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரும் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரும் 30 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை நான்கு மடங்கு, அதன் வர்க்கமூலம் 2. அப்படியானால் எல்லைக்கோடு சிறிய ஊரிலிருந்து 10 கிலோமீட்டரில் விழும். சிறிய ஊரிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர், 19 கிலோமீட்டர் பயணம் செய்து பெரிய ஊருக்கே போவார்.

மனிதர்கள் இப்படிக் கோடு போட்டு நடந்துகொள்வதில்லை. இன்றைக்கு இங்கே போவார்கள், அடுத்த வாரம் அங்கே. 1960-களின் தொடக்கத்தில் டேவிட் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதையும் கணக்கில் கொண்டுவந்தார். கடைப்பரப்பைப் பயண நேரத்தின் ஒரு அடுக்கால் வகுத்தால் அந்த இடத்தின் இழுவிசை கிடைக்கும். எல்லா இடங்களின் இழுவிசையையும் கூட்டி, அதில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று பார்த்தால், ஒருவர் அங்கே போவதற்கான நிகழ்தகவு தெரியும். அந்த அடுக்கு பொருளுக்குப் பொருள் மாறும். சோபா வாங்க நெடுந்தூரம் போகிறவர், சோப்பு வாங்கப் போகமாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், காகிதமும் பேனாவும் போதும். உங்கள் ஊர் மையத்தில் 10,000 சதுர மீட்டர் கடைப்பரப்பு, வீட்டிலிருந்து 10 நிமிடம். பெரிய ஊரில் 40,000 சதுர மீட்டர், 20 நிமிடம். அடுக்கை 2 என்று, அதாவது நேரத்தை அதனாலேயே ஒருமுறை பெருக்குவதாக எடுத்துக்கொண்டால், 10,000-ஐ 100-ஆல் வகுக்க 100. 40,000-ஐ 400-ஆல் வகுத்தாலும் 100. ஆளுக்குப் பாதி. இப்போது உங்கள் ஊரில் இன்னொரு 5,000 சதுர மீட்டர் கட்டுகிறார்கள். இழுவிசை 150 ஆகும், பங்கு 60 சதவீதமாக உயரும். நல்லதுதான். சரி, ஒரு செங்கல்கூட வைக்காமல், பயண நேரத்தை மட்டும் 10-இலிருந்து 8 நிமிடமாகக் குறைத்தால்? 10,000-ஐ 64-ஆல் வகுக்க 156. பங்கு 61 சதவீதம்.

இரண்டு நிமிடம், 5,000 சதுர மீட்டர் கட்டடத்துக்குச் சமம். இது எளிமையாக்கிய கணக்குதான், நிஜத்தில் அடுக்கை அந்தந்த ஊரில் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் அது காட்டும் திசை சரி. பேருந்து எங்கே நிற்கிறது, சாலையைக் கடக்கச் சிக்னலில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், வண்டியை நிறுத்திவிட்டு எத்தனை படி ஏற வேண்டும் என்பதெல்லாம் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் வருகிற சங்கதிகளாக இருக்கக் கூடாது.

ஆட்கள் மையத்துக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் எந்தத் தெருவில் நடப்பார்கள்? கடை இருக்கும் பக்கம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பில் ஹில்லியரும் அவருடைய சகாக்களும் தெருக்களின் பின்னலை ஆராய்ந்து வேறொன்றைக் காட்டினார்கள். ஒரு தெரு மற்ற தெருக்களோடு எப்படி இணைந்திருக்கிறது, அதற்குப் போய்ச் சேர எத்தனை திருப்பம் வேண்டும் என்பதே நடமாட்டத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. கால்கள் முதலில் வருகின்றன, கடைகள் அவற்றின் பின்னால் வருகின்றன. அப்புறம் கடைகள் இன்னும் கொஞ்சம் கால்களை இழுக்கின்றன.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இந்த ஆராய்ச்சி கல்லாகவே மாறியது. ஊரின் நட்டநடுவில் இருந்தும், ஆட்கள் அந்தச் சதுக்கத்தின் ஊடாகக் கடக்காமல் ஓரமாகவே சுற்றிப் போனார்கள். வடக்குப் பக்கம் வாகனங்கள் ஓடும் சாலை, அதன் கீழே உயரமான தடுப்புச்சுவர். 2003-இல் அந்தச் சாலையை மூடிவிட்டு, சுவரின் நடுவில் அகலமான படிக்கட்டு ஒன்றை அமைத்தார்கள். சதுக்கத்தின் ஊடே நடப்பவர்கள் பல மடங்கு கூடினார்கள். படிக்கட்டிலேயே உட்காரவும் தொடங்கினார்கள்.

புதிய வணிக வளாகங்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். தனக்குள் ஒரு வட்டப்பாதை அமைத்துக்கொண்டு, வெளித்தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். காரில் வந்து, கீழே நிறுத்தி, மேலே ஏறி, வாங்கிக்கொண்டு, காரிலேயே போய்விடலாம். ஊருக்குள் இருக்கிறது, ஆனால் ஊரோடு இல்லை. எதிர்ப்புறப் பழைய கடைவீதிக்கு அதனால் பத்துப் பேர்கூடக் கூடுதலாக வருவதில்லை.

தெருவுக்கு முகம் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கும் அளவு இருக்கிறது. சாதாரணமாக நடந்தால் 100 மீட்டர் கடக்க 80 விநாடி போல ஆகும். நடக்கும்போது கண்ணுக்கு நாலைந்து விநாடிக்கு ஒருமுறை ஏதாவது புதிதாகத் தட்டுப்பட்டால் வழி குறைந்ததுபோல இருக்கும் என்கிறார் டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கேல். அதனால் 100 மீட்டருக்கு 15 முதல் 20 வாசல்கள் இருப்பது நல்லது என்பது அவர் கணக்கு. அதாவது ஒவ்வொரு ஐந்தாறு மீட்டருக்கும் ஒரு கதவு. பழைய கடைவீதிகளில் இந்த அளவு யாரும் சொல்லித்தராமலே அமைந்திருக்கும். அதே 100 மீட்டருக்கு ஒரே கண்ணாடிச் சுவர், அதில் ஒரே ஒரு வாசல் என்று இருந்தால், நடப்பவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்துவிடுவார்.

வளாகத்துக்குள் வருவோம். இங்கே நங்கூரம் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. இந்தத் தொழிலில் ஆங்கர் ஸ்டோர் என்பார்கள். பெயரைக் கேட்டாலே ஆட்கள் கிளம்பி வருகிற பெரிய கடை. அப்படி இரண்டு கடைகளை நடைபாதையின் இரண்டு முனைகளிலும் வைத்துவிட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்கள் நடுவில் இருக்கும் எல்லாச் சின்னக் கடைகளையும் தாண்டியே ஆக வேண்டும். வியன்னாவில் பிறந்து 1938-இல் அமெரிக்கா போன கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன், மின்னசோட்டா மாநிலத்தின் எடைனாவில் 1956-இல் திறந்த சவுத்டேல் வளாகத்தில், ஒன்றோடொன்று போட்டிபோடும் இரண்டு பெரிய கடைகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தார். முழுக்க மூடிய, உள்ளே ஒரே சீரான தட்பவெப்பம் வைத்த முதல் மால் அது. வெளியே வண்டி நிறுத்துமிடங்களை இரண்டு மட்டங்களில் அமைத்திருந்ததால், மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் வெளியிலிருந்து நேரடியாகவே ஆட்கள் வந்தார்கள். மாடி என்றாலே ஆள் குறையும் என்ற பழைய தொல்லைக்கு அவர் கண்ட அழகான தீர்வு.

நங்கூரக் கடைக்கு வாடகை எப்படி இருக்கும்? சதுர மீட்டருக்குப் பக்கத்துச் சின்னக் கடையைவிட மிகக் குறைவாக இருக்கும். முதலில் கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கடை விளம்பரம் செய்து வரவழைக்கும் கூட்டத்தில் ஒரு பகுதி சின்னக் கடைகளில் செலவழிக்கிறது. அந்தப் பலனுக்கான விலையைத்தான் வளாகக்காரர் ஒருவருக்குக் கழித்தும் மற்றவருக்குக் கூட்டியும் வாங்குகிறார். சாதாரணக் கடைத்தெருவில் இப்படிச் செய்ய முடியாது, ஒவ்வொரு கடைக்கும் ஒரு சொந்தக்காரர். இந்தச் சங்கிலிக்கு இன்னொரு முகமும் உண்டு. நங்கூரம் கிளம்பிவிட்டால் நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஆடிப்போவார்கள். பொருளை இணையத்தில் வாங்கும் பழக்கம் வந்தபின் பல ஊர்களில் நடந்தது இதுதான்.

அதனால்தான் இன்றைய திட்டங்களில் திரையரங்கு, உணவகம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் இவ்வளவு இடம் பிடிக்கின்றன. சட்டையை வீட்டுக்கு வரவழைக்கலாம், நண்பர்களோடு உட்கார்ந்து பேசும் மாலையை வரவழைக்க முடியாது. திரையரங்குக்கு ஜன்னல் வேண்டாம், தெருமுகப்பும் வேண்டாம். அதை உச்சியில் தூக்கி வைத்துவிடலாம். ஜப்பானியப் பல்பொருள் அங்காடிக்காரர்கள் இதை ஷவர் விளைவு என்பார்கள். மேலே ஏறிப் போனவர்கள் தளம் தளமாக இறங்கி வரும்போது கடைகளின்மேல் தண்ணீர்போல வழிந்து வருவார்கள். அடித்தளத்தில் உணவுப் பகுதியை வைத்து அங்கிருந்து ஆட்களை மேலே ஏற்றுவது அதற்கு எதிர்த்திசை, அதை நீரூற்று விளைவு என்கிறார்கள்.

நேரக் கணக்கும் இதில் இருக்கிறது. அலுவலகத்துக்குப் பகலில் வண்டி நிறுத்த இடம் வேண்டும், திரையரங்குக்கு இரவில். இரண்டும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டால், நிறுத்துமிடத்துக்காக வீணாகும் நிலம் குறையும். கடைகள் மூடியபிறகும் தெருவில் விளக்கும் ஆளும் இருந்தால், தனியாக நடந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தெரு வேறு தெருவாக இருக்கும். தெருவின் பாதுகாப்பு அங்கே புழங்கும் கண்களில் இருக்கிறது என்று நகர வாழ்க்கையை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எழுதினார். புதிய முயற்சிகளுக்குப் பழைய கட்டடங்கள் வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். புதுக் கட்டடத்தின் வாடகையைப் புதிதாகக் கடை போடும் ஒரு தையல்காரரால் கட்ட முடியாது. இடிக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து இடித்தால், அவர் நிற்க இடம் இருக்காது.

காரை எடுத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் எல்லா ஊரிலும் வரும். கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் தெருவை 1962-இல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியபோது கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தக் குளிரில் யார் தெருவில் நின்று பொழுதுபோக்குவார்கள் என்று கேட்டார்கள். ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், உட்கார்ந்தார்கள். அடுத்த பல பத்தாண்டுகளில் நடைத்தெருக்கள் பக்கத்துத் தெருக்களுக்கும் பரவின. கேலும் அவருடைய மாணவர்களும் தெருமுனையில் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று இரண்டையும் தனித்தனியாக எண்ணிவந்தார்கள். அந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடந்துபோகிறவர் ஒரு தெருவைப் பயன்படுத்துகிறார். தங்குகிறவருக்கு அது பிடித்திருக்கிறது.

எப்போது தங்குகிறார்கள்? நியூயார்க்கில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970-களில் கட்டடங்களின் முன்வெளிகளைக் கேமராவில் படம்பிடித்து மணிக்கணக்காகப் பார்த்தார். வெயில், மரம், தண்ணீர், சாப்பிட ஏதாவது, எல்லாம் வேண்டும். ஆனால் உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் உட்காருகிறார்கள் என்று கண்டார். கேட்க எளிமையாக இருக்கிறது, எத்தனை புதிய வளாகங்களில் காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர் படங்களில் ஒரு சின்ன விஷயம் திரும்பத் திரும்ப வரும். தரையில் பதிக்காத ஒற்றை நாற்காலி. ஒருவர் வருகிறார், அதை அரை அடி இந்தப் பக்கம் நகர்த்துகிறார், உட்காருகிறார். வெயிலும் மாறவில்லை, பார்வையும் மாறவில்லை. ஆனாலும் நகர்த்தாமல் உட்காருவதில்லை. இந்த இடம் இப்போதைக்கு என்னுடையது என்று கை சொல்லிக்கொள்கிறது.

க்ரூயன் சவுத்டேலைச் சுற்றிக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவ நிலையம், பூங்கா எல்லாம் வரவேண்டும் என்றுதான் வரைந்திருந்தார். அவர் ஊரைக் கட்ட நினைத்தார், கடை மட்டும் கட்டப்பட்டது, சுற்றிலும் கார்கள் நின்றன. அந்த வடிவத்தை உலகமே நகலெடுத்தபோது, அது என் பிள்ளை இல்லை என்கிற அளவுக்கு 1978-இல் வெளிப்படையாகவே அதைத் தள்ளி வைத்தார். அதற்குப் பத்தாண்டு முன்பே வியன்னாவுக்குத் திரும்பியிருந்தார். அந்த நகரத்தின் பழைய மையத்திலிருந்து கார்களை விலக்கும் திட்டத்தை அங்கே வரைந்துகொடுத்தார். 1974-இல் கெர்ண்ட்னர் தெரு நடைத்தெருவானது. இன்று அங்கே இரண்டு பக்கமும் கடை வாசல்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஆட்கள் நடுத்தெருவில் நடக்கிறார்கள்.