அதிர்வி: ‘வைப்ரேட்டர்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் போய் ‘வைப்ரேட்டர் எங்கே?’ என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தளம் போடும் நாளில் மேஸ்திரி பத்துத் தடவை கூவும் சொல் அது. நீளமான குழாயின் முனையில் ஓர் இரும்புத் தடி. ஈரக் கலவைக்குள் அதை விட்டால் உறுமும். கலவை குழைந்து கம்பிக்கு அடியில் இறங்கும். அடைபட்டிருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வரும். பாலியல் இன்பத்துக்கான சின்னக் கருவிக்கும் இதே பெயர்தான். அதனால் இந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்லிப் பாருங்கள், யாராவது எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

தோழி ஒருத்தி கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள். ஒரு விற்பனைப் பக்கம். தமிழில் காட்டு என்று தட்டியதில் ‘சிலிக்கான் அதிர்வு, பெரியவர்களுக்கு, மின்கலம் சேர்க்கப்படவில்லை’ என்று வந்திருந்தது. “இதுக்கு உருப்படியா தமிழ்ல என்னடி பேரு? அப்புறம், இது நல்ல சாமானா இல்லையான்னும் சொல்லு” என்றாள். இரண்டு கேள்விக்கும் பதில் பெட்டி மேல் இருக்கும் சொற்களிலேயே கிடைக்கும் என்பது என் கட்சி.

லத்தீனில் ‘விப்ராரே’ என்றால் அசைத்தல், குலுக்குதல், ஈட்டியைத் தூக்கி ஆட்டுதல். இசையில் வரும் ‘விப்ராட்டோ’வும் இந்த வேர்தான். காலராக் கிருமியின் ‘விப்ரியோ’ என்ற பெயரும் இதே வேர்தான். நுண்ணோக்கியின் கீழ் அது துடித்துக்கொண்டே ஓடியதால் வந்த பெயர். ஆக, வேர்ச் சொல்லில் அந்தரங்கம் எதுவும் இல்லை. ஈட்டியும் கிருமியும்தான் இருக்கின்றன.

மருத்துவக் கருவியாக இதைப் பேசவைத்தவர் லண்டன் மருத்துவர் ஜோசப் மார்டிமர் கிரான்வில். நரம்பு வலிக்கு மின்சாரத்தால் அதிரும் ஒரு கருவியைப் பயன்படுத்தி, 1883-இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பெண்களுக்கு இந்தச் சிகிச்சை செய்வதைத் தவிர்த்தேன், இனியும் தவிர்ப்பேன் என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும், ‘ஹிஸ்டீரியா’ நோயாளிப் பெண்களைக் குணப்படுத்த விக்டோரியா கால மருத்துவர்கள் கண்டுபிடித்ததே வைப்ரேட்டர் என்ற கதை இன்றும் சுற்றி வருகிறது. வரலாற்றாய்வாளர் ரேச்சல் மெய்ன்ஸ் 1999-இல் எழுதிய நூலிலிருந்து பரவியது அது. ஹேலி லீபர்மேன், எரிக் ஷாட்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-இல் அவர் காட்டிய மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, இதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். கதை சுவையானது என்பதால் இன்னும் சாகவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். ‘அதிர்’ நமக்குப் பழைய வினை. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்’ என்ற குறளில் ‘அதிர’ என்றால் நடுங்க. இந்த வேரிலிருந்துதான் அதிர்வு, அதிர்ச்சி, அதிர்வேட்டு, அதிர்வெண் எல்லாம். (அதிர்ஷ்டம் இந்தக் குடும்பமல்ல, அது ‘கண்ணுக்குத் தெரியாதது’ என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்தது.) செய்யும் கருவியைக் குறிக்கத் தமிழில் ‘இ’ ஒன்று போதும். மண்ணை வெட்டுவது மண்வெட்டி, பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, துருவுவது துருவி, விசிறுவது விசிறி. அதே வழியில் அதிர்வது அதிர்வி. தமிழில் அறிவியல் எழுதுபவர்கள் இந்தச் சொல்லை ஏற்கெனவே கையாள்கிறார்கள்.

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. செய்வி, உண்பி மாதிரி ‘அதிர்வி’ பிறவினையாகவும் படிக்கக் கிடைக்கிறது: இன்னொன்றை அதிரச் செய். தான் அதிர்வதும் தொட்டதை அதிரவைப்பதும் ஆகிய இரண்டு வேலையையும் இந்தக் கருவி செய்கிறது. லத்தீன் வழிச் சொல்லில்கூட இவ்வளவு கச்சிதம் இல்லை. விற்பனைப் பக்கத்தின் மொழிபெயர்ப்பு ‘அதிர்வு’ என்று நின்றுவிட்டது. அது நிகழ்வின் பெயர், கருவியின் பெயர் அல்ல. ‘நடுக்கி’ என்றால் குளிரும் பயமும் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘குலுக்கி’ ஜூஸ் கடைக்குப் போய்விடும். செய்திகளில் அடிபடும் ‘பாலியல் பொம்மை’ இருப்பதிலேயே மோசம். ஆங்கிலத்தில் ‘டாய்’ என்பது விளையாட்டுப் பொருள். தமிழில் பொம்மை என்றதும் கண்ணும் மூக்கும் வைத்த உருவம்தான் மனதில் வருகிறது.

கடைக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: ‘பர்சனல் மசாஜர்’. நம் நாட்டில் ஆபாசப் பொருள் விற்பனைக்குத் தண்டனை இருப்பதால் இந்த முகமூடி. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கு. ஆபாசப் பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டு அறிவிக்கையைக் காட்டி, சுங்கத் துறை உடல் மசாஜர்களைப் பிடித்துவைத்தது. இவற்றை அந்த வேலைக்கும் பயன்படுத்தலாமே என்பது வாதம். அது அதிகாரியின் கற்பனை என்று சொல்லி, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-இல் அதை ஏற்க மறுத்தது. முகமூடிப் பெயரால் விற்பவருக்குப் பாதுகாப்பு, வாங்குபவருக்கு நஷ்டம். மசாஜர் என்று விற்ற பொருளைப் பற்றி ‘இது உடலின் உள்தோலில் படலாமா?’ என்று யாரிடம் கேட்பது? இத்தனைக்கும் இப்படிப்பட்ட பொருள்களுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்ற பன்னாட்டுத் தரம் 2021-இல் வந்துவிட்டது. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அடுத்து ‘சிலிக்கான்’. இங்கே ஓர் எழுத்தில் பொருள் கெட்டுப்போகிறது. சிலிக்கான் ஒரு தனிமம். சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். கணினிச் சில்லு செய்வது இதில். கண்ணாடி போல உடையும். வேண்டியது ‘சிலிக்கோன்’: சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி, ரப்பர் போல வளையும். 1901-இல் வேதியியலாளர் ஃபிரடெரிக் கிப்பிங் இதை ‘கீட்டோன்’ என்ற கரிமச் சேர்மம் போன்ற ஒன்று என்று நினைத்து இந்தப் பெயரை வைத்தார். அமைப்பு அப்படியில்லை என்று தெரிந்தபின்னும் பெயர் நிலைத்துவிட்டது. வலிந்து தமிழாக்காமல் சிலிக்கோன் என்றே எழுதலாம், ஆனால் கவனமாக.

நல்ல சிலிக்கோனுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள்கூடக் கிடையாது, அதனால் கழுவினால் சுத்தமாகிவிடும். ‘ஜெல்லி’ என்றும் ‘டிபிஇ’ (ரப்பர் போல வளையும் ஒரு வகைப் பிளாஸ்டிக்) என்றும் விற்கும் மலிவுப் பொருள்களில் நுண்துளைகள் உண்டு; எவ்வளவு கழுவினாலும் உள்ளே அழுக்கு தங்கும். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்பு மாதிரி வாடை அடித்தால் அது சிலிக்கோனா என்று சந்தேகப்படுங்கள். ‘மருத்துவத் தரம்’ என்று அச்சடிக்க மை இருந்தால் போதும். மூக்கை நம்புவது மேல். வழவழப்புக்குப் பூசும் திரவமும் சிலிக்கோனில் செய்ததாக இருந்தால் கருவியின் மேற்பரப்பு பிசுபிசுத்துப் போகலாம். நீரில் செய்த திரவம்தான் சரி. இன்னொன்று: சிலிக்கோன் கொதிநீரைத் தாங்கும் என்று கேள்விப்பட்டு முழுக் கருவியையும் பாத்திரத்தில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் மோட்டாரும் பேட்டரியும் தாங்காது. மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். தண்ணீருக்குள் முழுசாக முக்க வேண்டுமானால் ‘ஐபிஎக்ஸ் 7’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அதற்குப் பொருள்.

அதிர்விலும் இரண்டு ரகம். உள்ளே ஒரு சின்ன மோட்டார், அதன் அச்சில் ஒரு பக்கமாகக் கனத்த எடை. அது சுழலும்போது ஏற்படும் தள்ளாட்டமே அதிர்வு. பல கைப்பேசிகளில் நடப்பதும் இதுதான். சின்ன எடை வேகமாகச் சுழன்றால் அதிர்வெண் கூடும், வீச்சு குறையும்: மேல்தோலோடு நின்றுவிடும் ரீங்காரம், கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும். எடை கனமாகி வேகம் குறைந்தால் ஆழத்துக்கு இறங்கும் உறுமல். ரீங்காரம் வண்டுக்கு, உறுமல் உறுமி மேளத்துக்கு என்று நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. (உறுமியும் ‘இ’ போட்ட சொல்தான்!) உள்ளங்கை எதையும் தாங்கும், அதனால் அதை நம்பாமல் மூக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். உச்ச வேகத்தில் மட்டும் அல்ல, முதல் வேகத்திலும். எனக்கு முக்கியம் முதல் வேகம்தான். பல கருவிகள் அங்கேயே கத்த ஆரம்பித்துவிடுகின்றன.

கடைசியாகப் பேட்டரி. பிரெஞ்சில் ‘அடி’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பீரங்கி வரிசைக்கு வந்த சொல் அது. மின்னேற்றிய கண்ணாடி ஜாடிகளை வரிசையாக அடுக்கிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அந்த அடுக்குக்கு இந்தப் பெயரை வைத்தார். ஆகவே ஒற்றை செல் மின்கலம், சேர்த்து அடுக்கினால் மின்கல அடுக்கு. ஊரில் இரண்டுமே ‘பேட்டரி கட்டை’தான். 1.5 வோல்ட் செல் இரண்டு போட்டால் 3 வோல்ட். தீரத் தீர மின்னழுத்தம் சரிந்து மோட்டார் சோர்ந்துவிடும்; முதல் நாள் உறுமல் பத்தாம் நாள் இருக்காது. சார்ஜ் ஏற்றும் லித்தியம் வகையில் இந்தச் சோர்வு குறைவு. செல் வகையை வாங்கினால், வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி வையுங்கள். மறந்தால் ஒழுகி உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் பச்சை பூத்துப்போகும்.

இவ்வளவையும் அவளுக்கு எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: “அதிர்வி வந்துடுச்சு. வாடை இல்ல. செல்லு மட்டும் இல்ல, சொன்ன மாதிரியே. டிவி ரிமோட்ல இருந்து ரெண்ட உருவிட்டேன். இப்போ சேனல் மாத்த எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சுப் போயிட்டு வர்றார்.”