ரெக்ரஷன் – தொடர்புப் போக்கு

பைத்தான் நிரல்மொழியில் எண்ணியல் முறைகளைப் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு ரெக்ரஷன் சீக்கிரமே எதிர்ப்படும். தமிழில் அதற்குப் பரவலாகக் காணப்படும் பெயர் 'பின்னடைவு'. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது தோல்வி, சறுக்கல். இந்தக் கணக்கில் எதுவும் சறுக்குவதில்லை. ஒரு மாறியின் மதிப்பு தெரிந்தால், அதைச் சார்ந்த மாறியின் சராசரி எவ்வளவு இருக்கும் என்பதைத் தரவிலிருந்து கண்டறிவதே ரெக்ரஷன்.

அப்படியானால் பின்னே போகும் பொருள் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் 'ரெ' என்பது திரும்ப, 'கிராடி' என்பது அடியெடுத்து வைத்தல். இந்தச் சொல்லைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன். 1886-இல் வெளியான கட்டுரையில் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்தார். பெற்றோரின் உயரம் சராசரியைவிட 3 அங்குலம் கூடினால், பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலமே கூடியிருந்தார்கள். சராசரியை நோக்கிய இந்தத் திரும்பலுக்குத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். பிறகு புள்ளியியலாளர்களான யூலும் பியர்சனும் முறையை எல்லாத் தரவுக்கும் பொதுவாக்கினார்கள். பரம்பரை உயரம் பற்றிய பேச்சு போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது. தரவுப் புள்ளிகளுக்குக் கோடு பொருத்தும் மீச்சிறு வர்க்க முறையோ (புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூடுதலை மிகச் சிறிதாக்குவது) இந்தப் பெயரைவிடப் பழையது: கணிதவியலாளர்களான லெஜாந்தர் அதை 1805-இலும் காஸ் 1809-இலும் வெளியிட்டனர்.

ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு கருத்துகள். தமிழில் இரண்டையும் பிரித்தே சொல்லலாம். கால்டன் கண்ட நிகழ்வு 'சராசரிக்குத் திரும்பல்'. கணக்கிடும் முறை 'தொடர்புப் போக்கு'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'ஒட்டுறவு' (கோரிலேஷன்) என்ற சொல்லுக்கு அடுத்து வருவது இதுதான். இலங்கைக் கலைச்சொல்லான 'பிற்செலவு' அழகானது, செலவு என்றால் பயணம் என்ற பழம்பொருளை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் அதுவும் இலத்தீன் வேரின் பெயர்ப்புதான். முறை செய்யும் வேலையைச் சொல்வது தொடர்புப் போக்கு. ஆகவே அதையே பயன்படுத்த வேண்டும்.

ஒரு சிறு தரவில் பார்ப்போம். படித்த மணி 1, 2, 3, 4, 5. மதிப்பெண் 3, 5, 6, 8, 8. சராசரிகள் 3, 6. விலகல்களின் பெருக்கற்பலன்களைக் கூட்டினால் 13. மணி விலகல்களின் வர்க்கக் கூடுதல் 10. சாய்வு 13 ÷ 10 = 1.3, வெட்டுத்துண்டு 6 − 1.3 × 3 = 2.1. கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசமான எச்சங்களைக் கூட்டினால் சுழி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் 'பாலிஃபிட்' இதே விடையை 1.3, 2.1 என்ற வரிசையில், உயர்ந்த படியிலிருந்து தரும். அதே நூலகத்தின் புதிய 'பாலினாமியல்' வகுப்பில் 'ஃபிட்' கொடுத்தால் கெழுக்கள் 6, 2.6 என்று நிற்கும். பலர் திகைக்கும் இடம் இது. அது மணியை −1 முதல் 1 வரையிலான அளவுக்குச் சுருக்கிக் கணக்கிடுகிறது, வரிசையையும் தாழ்ந்த படியிலிருந்து தொடங்குகிறது. 'கன்வர்ட்' அழைத்தால் 2.1, 1.3 கிடைக்கும். இயந்திரக் கற்றல் நூலகமான சைகிட்-லேர்னில் சாரா மாறியை (இங்கே மணியை) 5 வரிசை, 1 நிரல் கொண்ட அணியாக மாற்றித்தான் தர வேண்டும். வெறும் பட்டியலைத் தந்தால் பிழைச்செய்தி வரும்.

ஆண்டுகளை அப்படியே சாரா மாறியாக வைப்பது இன்னும் ஆபத்தானது. 2001 முதல் 2020 வரையிலான 20 ஆண்டுகளுக்கு மாறிலி நிரலும் ஆண்டு நிரலும் கொண்ட அணியின் நிபந்தனை எண் (சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்பதன் அளவு) சுமார் 7 லட்சம். மீச்சிறு வர்க்க முறையிலிருந்து வரும் இயல்நிலைச் சமன்பாடுகளை நாமே எழுதித் தீர்த்தால் அந்த எண் வர்க்கமாகிவிடும். பதினாறு இலக்கத் துல்லியத்தில் ஏறத்தாழ 12 இலக்கம் வரை இழக்க நேரலாம். வர்க்கப்படி, முப்படி என்று போனால் நிலைமை மிக மோசம். ஆண்டிலிருந்து சராசரியான 2010.5-ஐக் கழித்துவிட்டால் நிபந்தனை எண் 6-க்கும் கீழே இறங்கிவிடும். ஒரே வரி வேலை.

பாடநூல்கள் 'எக்ஸின் மீதான ஒய்யின் தொடர்புப் போக்கு' என்று நீட்டி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நாம் கண்ட கோடு மணியின் மீதான மதிப்பெண்ணுக்கானது. மதிப்பெண்ணிலிருந்து மணியைக் கணிக்க அதையே திருப்பிப் போட்டால் சாய்வு 1 ÷ 1.3, அதாவது 0.77. மதிப்பெண் விலகல்களின் வர்க்கக் கூடுதல் 18 என்பதால் சரியான விடை 13 ÷ 18, அதாவது 0.72. கால்டனும் தம் தரவைத் திருப்பிப் பார்த்தபோது இதையே கண்டார்: பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கு மூன்றில் ஒன்று.